அக்காவின் ரிவால்வர்

நான் எழுதிய கதைகளில் இதுவரை பதினோரு பேரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றிருக்கிறேன். ஒரு ஜமீன்தார், இரண்டு வக்கீல்கள், ஒரு சினிமாப் பட முதலாளி, மற்றவர்கள் சில்லறை. கொன்றவன் கையில் ஓர் அத்தியாயத்தில் ரிவால்வர் இருக்கும். அடுத்த அத்தியாயத்தில் அதுவே பிஸ்தோலாக மாறியிருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று நானும் நினைத்தேன், புரூப் பார்த்தவரும் நினைத்தார்.

ஒரு நாவலில் என் வில்லன் ரிவால்வரின் ஸேப்டியைத் தள்ளிவிட்டு, அதன் வாயில் ஸைலென்ஸரைத் திருகிக்கொண்டு, சத்தமில்லாமல் ஒருவரைத் தீர்த்துக் கட்டுவான். அது வெளியான வாரத்தில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் கடிதம் எழுதினார். "ரிவால்வரில் பொதுவாக ஸேப்டி கிடையாது. ஸைலென்ஸர் மாட்டியும் பிரயோசனமில்லை. சிலிண்டருக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் சந்து வழியாகச் சத்தம் வெளியே வந்துவிடும். ரஷ்யாவின் பழைய நாகான் ரிவால்வர் அந்தச் சந்தை அடைத்துக்கொள்ளும். உங்கள் வில்லன் ரஷ்யனா?" என்று கேட்டிருந்தார். வில்லன் காரைக்குடிக்காரன். நான் பதில் போடவில்லை.

இப்படிப்பட்ட நிபுணனைத்தான், 2023-ல் அமெரிக்கா போயிருந்தபோது, என் அக்கா துணைக்கு அழைத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனாள்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்துக்கு வெளியே, பெட்ரோல் பம்பும் அதை ஒட்டிய சின்னக் கடையும் வைத்திருக்கிறாள். அத்தானும் அவளுமாக 2009-ல் வாங்கியது. 2019-ல் அத்தான் போய்விட்டார். மகன் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். கடையை விற்றுவிட்டு வந்து தன்னோடு இருக்கச் சொல்லுகிறான். "நான் எதுக்குலே விக்கணும்? இது உங்கத்தான் உக்காந்த இடம்" என்பாள். ஐம்பத்தேழு வயது. இரண்டு கட்டை விரல்களிலும் மூட்டு வலி. ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க வாடிக்கைக்காரர்களைக் கூப்பிடுகிற நிலைமை.

நான் போவதற்கு இரண்டு மாதம் முன்பு கடையில் கொள்ளை நடந்திருந்தது. ராத்திரி பத்தரை மணி, மூடுகிற நேரம். ஒரு பையன் உள்ளே வந்து பிஸ்தோலைக் காட்டினான். கல்லாவில் இருப்பதைக் கொடு என்றான். அக்கா கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். கல்லா திறக்கவில்லை.

"பதினாலு வருஷமாத் திறக்கேன். எந்தப் பித்தானை அமுக்கணும்னு விரலுக்கு மறந்து போச்சு. எனக்கு மறந்தாப் பரவாயில்லை. விரலுக்கு மறந்து போச்சுலே. அவன் கத்துறான். நான் எதையோ அமுக்குறேன், அது ரசீதா அடிச்சுத் தள்ளுது. அவனுக்கும் கை நடுங்குச்சு. என் பேரனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான்."

பேரனுக்கு ஆறு வயது. கடைசியில் பையன் சிகரெட் பெட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு அக்கா ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுக் காரை நோக்கி நடக்கிற நாற்பது அடி, நாற்பது மைலாகிவிட்டது.

எனக்கு இந்த விஷயமே பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். தென்காசிக்கு வந்துவிடு, வீடு இருக்கிறது, குற்றாலச் சாரல் இருக்கிறது என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். அவள் தோசை வார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள், "சட்டையைப் போடு, கடைக்குப் போகணும்" என்றாள்.

நம் ஊரில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வாங்க முடியாது. அங்கே ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்து, அடையாளச் சீட்டைக் காட்டினால், கடைக்காரர் மத்திய சர்க்காரின் பதிவேட்டில் ஆளைப் பற்றி விசாரித்துக்கொண்டு விற்றுவிடலாம். 2021 செப்டம்பர் 1-ந் தேதியிலிருந்து டெக்ஸாஸில், சட்டத்தின் தடைக்கு உட்படாத, இருபத்தொரு வயது நிரம்பிய எவரும் லைசென்ஸ் இல்லாமலேயே மறைத்து எடுத்துப் போகலாம். இதெல்லாம் பிரஜைகளுக்கும் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும். விஸிட்டர் விசாவில் வந்த என்னைப் போன்றவன் துப்பாக்கியை வைத்துக்கொள்வதே குற்றம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. என்னிடம் இருந்தது ஸ்கூட்டர் லைசென்ஸ். ஆகையால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நகைக் கடைக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றேன்.

கடையும் ஏறக்குறைய நகைக் கடைதான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெளிச்சம், வெல்வெட்டு விரிப்பு. சிப்பந்தி நல்ல பையன். முதலில் அவன் எடுத்து வைத்தது செமி-ஆட்டோமாட்டிக் பிஸ்தோல். உள்ளங்கை அகலம், ஓர் அங்குல கனம், உள்ளே பத்துத் தோட்டா. அமெரிக்கப் போலீஸார் இடுப்பில் இருப்பது இந்த ஜாதிதான். தினமும் மறைத்துச் சுமக்கிறவர்களில் பெரும்பாலோர் விரும்புவதும் இதைத்தான் என்றான்.

அதன் சூட்சுமத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் மாகஸினில், டார்ச் விளக்கில் பாட்டரிக் கட்டை மாதிரி, ஸ்பிரிங்கின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒருமுறை வெடித்ததும் அந்த வேகத்திலேயே மேல்மூடி பின்னால் தெறித்து, காலிக் கூட்டைத் துப்பிவிட்டு, அடுத்த தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு முன்னால் வருகிறது. வெகு சாமர்த்தியம். ஆனால் முதல் தோட்டாவை மனிதன்தான் ஏற்ற வேண்டும். மேல்மூடியைக் கையால் பிடித்துப் பின்னால் இழுத்துவிட வேண்டும். அக்கா இழுத்தாள். கட்டை விரல் வெளுத்தது. மூடி பாதி தூரம் வந்து நழுவியது.

அங்கேயே தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பையன் விடவில்லை. கை பலம் குறைந்தவர்களுக்கென்றே இளகின ஸ்பிரிங் வைத்துச் செய்த பிஸ்தோல் ஒன்றைக் கொண்டுவந்தான். அதை அக்கா சுலபமாக இழுத்தாள். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்போதுதான் அவள் கேட்டாள்: "விசையை இழுத்து, வெடிக்கலைன்னா?"

பையன் செய்து காட்டினான். மாகஸினை அடியில் ஒரு தட்டு. மேல்மூடியை ஓர் இழுப்பு. மறுபடி குறி. சோம்பலாகப் பிடித்தாலும், மணிக்கட்டு தளர்ந்தாலும், மூடி முழுதாகப் பின்னால் போகாமல் நடுவில் சிக்கிக்கொள்ளலாம். அப்போதும் இதே வித்தைதான். பழகினால் இரண்டு விநாடி வேலை என்றான்.

"எனக்குக் கல்லாவே திறக்கலையே, தம்பி" என்றாள் அக்கா, தமிழில். பிறகு இங்கிலீஷில், ரிவால்வர் காட்டச் சொன்னாள்.

அவன் எடுத்து வைத்தது ஐந்து தோட்டா போடும் சின்ன ரிவால்வர். 1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று ஒன்றை வெளியிட்டது; அதன் வம்சம். சிலிண்டரை வெளியே தள்ளினால் குழிப்பணியாரச் சட்டி மாதிரி ஐந்து குழி. தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. உள்ளே தள்ளி மூடினால் வேலை முடிந்தது. விசையை இழுத்தால் சிலிண்டர் ஒரு வீடு நகர்ந்து வெடிக்கும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால்? மறுபடி விசையை இழுக்க வேண்டும். அடுத்த குழி வந்து நிற்கும். தட்டுவதில்லை, இழுப்பதில்லை, நினைவு வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. சுத்தியும் கூட்டுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் துணியில் மாட்டாது. கால்சட்டைப் பையில், விசையை மூடும் தோல் உறைக்குள், கூழாங்கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

பையன் நியாயமானவன், குறைகளையும் சொன்னான். பத்துக்குப் பதில் ஐந்து. தீர்ந்தால் மறுபடி போட நேரமாகும். 1986 ஏப்ரல் 11-ந் தேதி மயாமி நகரத்தில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரண்டு கொள்ளைக்காரர்களுக்கும் நடந்த சண்டையைச் சொன்னான். அதிகாரிகள் பலர் கையில் இருந்தது ரிவால்வர். கையில் குண்டு பட்ட ஒருவரால் தோட்டா மாற்ற முடியாமல் போயிற்று. அதிகாரிகளில் இருவர் மாண்டார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். அதன் பிறகுதான் எஃப்.பி.ஐ. செமி-ஆட்டோமாட்டிக் பக்கம் திரும்பியது. அக்கா கவனமாகக் கேட்டாள். "அவங்க பிடிக்கப் போனவங்க. நான் வீட்டுக்குப் போறவ" என்றாள்.

இன்னொரு குறை, விசை. பிஸ்தோலின் விசையை ஐந்தாறு பவுண்டு அழுத்தத்தில் இழுத்துவிடலாம். இந்த ரிவால்வருக்குச் சுமார் பன்னிரண்டு பவுண்டு. இழுக்க வேண்டிய தூரமும் அதிகம். இழுக்கும்போதே குறி ஆடிவிடும். மூட்டு வலிக்காரிக்கு இதுவும் சிரமம்தானே என்று, முதல் முறையாக நான் வாயைத் திறந்தேன்.

"வலி கட்டை விரல்லதான். இது ஆள்காட்டி விரல்" என்றாள். பிறகு வெறும் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்து, மெல்ல மெல்ல விசையை இழுத்து, பாதியில் நிறுத்தி, விட்டுவிட்டாள். இன்னொரு தடவையும் அப்படியே. "பாரு, நடுவுல நிறுத்திக்கலாம்" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. காரில் வரும்போதுதான் சொன்னாள். அன்றைக்கு வந்த பையனை இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். கையில் ஏதாவது இருந்திருந்தால் அவனைச் சுட்டிருப்பாளோ என்று. பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், பணத்துக்காகச் சுடக் கூடாது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. பணத்தோடு போகாதவன் வந்தால்தான் இது. "ஆனா அந்த நேரத்துல எனக்கு என்ன தெரியும்? பயத்துல சும்மா விரல் பட்டு வெடிச்சதா இருக்கக் கூடாது. இழுக்குறதுன்னா நான்தான் இழுத்திருக்கணும்."

பதினோரு கொலை எழுதியவனுக்கு இது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. என் ஆட்கள் எல்லாரும் விசையைத் 'தட்டி'விடுவார்கள்.

வாங்குவதற்கு முன் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தாள். நான் கண்ணாடிக்குப் பின்னால். அலுமினியக் கலப்பில் செய்த லேசான ரிவால்வர், பதினைந்து அவுன்ஸ் இருக்கும், சுமக்கச் சுகம். சுடும்போது உள்ளங்கையைக் கழுதை உதைத்த மாதிரி உதைத்தது. ஐந்தும் காகிதத்தில் ஐந்து திசைக்குப் போயிருந்தன. முகத்தைப் பார்த்து, இத்தோடு விட்டுவிடுவாள் என்று ஆசைப்பட்டேன். சொல்லிக் கொடுப்பவர், வயதான பெண்மணி, முழு எஃகில் செய்த அதே அளவு ரிவால்வரையும் மருந்து குறைந்த தோட்டாவையும் கொடுத்தார். கனம் கூடினால் உதை குறையும். பை தொங்கும், அவ்வளவுதான். அக்கா கனமானதையே வாங்கினாள். "அத்தான் சாவிக்கொத்து இதைவிடக் கனம்" என்றாள்.

அவசியமில்லாத லைசென்ஸ் பரீட்சைக்கும் போனாள். ஐம்பது குண்டு; மூன்று கஜம், ஏழு கஜம், பதினைந்து கஜம்; 250-க்கு 175 வாங்கினால் தேறலாம். 2013 வரை அங்கே ஒரு வேடிக்கை இருந்ததாம்: ரிவால்வரில் தேறியவர் ரிவால்வர் மட்டும்தான் கொண்டுபோகலாம், பிஸ்தோலில் தேறினால் இரண்டும். பி.ஏ. படித்தவன் எட்டாம் வகுப்பும் தேறினதாகக் கொள்ளப்படுகிற கணக்கு. அக்கா 211 வாங்கினாள். எனக்குப் போன் செய்து சொன்னபோது நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன்.

அதற்கு முன்பு, நான் அங்கே இருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்திருந்தான். அவன் வருவதற்கு ஒரு மணி முன்பே, எண்களை அமுக்கித் திறக்கும் சிறிய இரும்புப் பெட்டிக்குள் ரிவால்வர் போய்விட்டது. பெட்டி அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. விசை கடினம்தானே, குழந்தையால் இழுக்க முடியாதே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு கையாலயும் இழுப்பான். நீ இழுத்திருக்க மாட்டியா?" பியர்லாண்ட் மீனாக்ஷி கோயிலுக்குப் போகிற நாளிலும் அது பெட்டியில்தான். அம்பாள் முன்னால் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க ஒப்பவில்லை என்றாள். கோயிலுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் எத்தனை அடி என்று நான் கேட்கவில்லை.

நான் கிளம்புகிற முந்தின ராத்திரி கடை மூடும்போது கூட இருந்தேன். கதவுக்கு உள்தாழ் போட்டுவிட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். வலது பையில் ரிவால்வர். அந்தப் பையில் வேறெதுவும் கிடையாது, சாவி இடது பையில். கிளம்பலாம் என்று எழுந்தேன். "ஒரு நிமிஷம் இரு" என்று கல்லாவுக்கு முன்னால் போய் நின்று, கண்களை மூடிக்கொண்டு, ஒரு பித்தானை அமுக்கினாள். கல்லா 'டிங்' என்று திறந்தது. தள்ளி மூடினாள். மறுபடி திறந்தாள். பத்துத் தடவை எண்ணினேன்.

"தினமும் செய்யேன்" என்றாள். "இதுக்கும் பழக்கம் வேணும்லா."