எலிப்பொறி வாங்கிய கதை

மழைக்காலம் பிறந்துவிட்டால், வடாலாவில் தரைத்தளத்தில் குடியிருப்போர்க்கு இரவு உறக்கம் பாதியாகிவிடுகிறது. சாக்கடையில் நீர் ஏற ஏற, அதில் வாழும் எலிகள் மேட்டை நாடுகின்றன. அவற்றுக்கு அருகிலுள்ள மேடு நமது அடுக்களைதான். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலமும் அரிசி டின்னின் மூடியை இறுக்கிவிட்டு, ‘ஓடினால் ஓடட்டும்’ என்று புரண்டு படுத்துக்கொண்டவர்கள்தாம் நாங்கள்.

சென்ற ஆடி மாதத்தில் அந்த அலட்சியம் எங்களை விட்டு நீங்கிற்று. பக்கத்து வீட்டுப் பையன், எங்கள் மகனோடு ஒரே வகுப்பில் படிப்பவன், ஒரு மாலையில் முழங்கால் நீரில் நடந்து பள்ளியிலிருந்து வந்தான். அவன் குதிகாலில் செருப்புக் கடித்த புண் ஒன்று இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கடுங்காய்ச்சல் கண்டது, கண்கள் சிவந்தன, கெண்டைக்கால் வலி பொறுக்கமாட்டாமல் அழுதான். எலிக்காய்ச்சல் என்றார்கள் மருத்துவர்கள். எலியின் சிறுநீரில் வெளிப்படும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, தேங்கிய நீரில் கலந்திருந்து, தோலிலுள்ள சிறு புண் வழியே உடம்பினுள் புகுந்துவிடுகிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகு, இந்நகரில் வெள்ளத்துக்குத் தப்பியவர் பலர் இக்காய்ச்சலுக்கு இரையானதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பையன் பத்து நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தெழுந்தான். எங்கள் மகனும் அன்று அதே நீரில்தான் நடந்து வந்தான். அவன் காலில் புண் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் இருவரும் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைக்குப் புறப்பட்டோம். அங்கே நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒருவர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். எலிப்பொறி என்றதும், பாத்திரக் கடையில் தவலை அடுக்குவதுபோல் வரிசையாக எடுத்து வைத்தார். மெல்லிய கம்பி வில் கொண்ட அடிபொறி 40 ரூபாய். நாம் சிறுவயதில் கண்ட, கதவு விழும் மரப்பெட்டி 150. இரும்புக் கம்பிக் கூண்டு 350. ஒரே இரவில் பல எலிகளைப் பிடிக்கும் பெரிய கூண்டு 850. பசை தடவிய அட்டையும் இருந்தது.

“எது நன்றாகப் பிடிக்கும், அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

“எலி எல்லாத்துலயும் விழும். விழுந்த பொறவு நீங்க என்ன செய்யப் போறிய? அதச் சொல்லுங்க, பொறிய நான் எடுத்துத் தாரேன்” என்றார் அவர்.

வியாபாரியின் சாதுரியப் பேச்சு என்று எண்ணி, நாங்கள் அதற்கு விடை சொல்லவில்லை. நாற்பது ரூபாய்ப் பொறிகள் மூன்றை வாங்கிக்கொண்டு, 230 ரூபாய் மிச்சம் பிடித்த பெருமிதத்தோடு வீடு திரும்பினோம். ஒரு கூண்டு இருக்குமிடத்தில் மூன்று பொறிகள் இருந்தால் மூன்று மடங்கு பயன் என்பது எங்கள் கணக்கு.

முதல் இரவே மசால்வடை வைத்தோம். நள்ளிரவில் ‘டப்’ என்று ஓசை கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், பொறியில் இரண்டு அங்குல வால் மட்டும் கிடந்தது. வாலின் உடைமையாளரைக் காணோம். வடையையும் காணோம். மலிவுப் பொறியின் குறை அது பிடிக்காமல் விடுவது மட்டுமன்று. வில்லில் வலு இல்லாததால் பாதி அடித்து விட்டுவிடுகிறது. அடிபட்டுத் தப்பிய எலி அதன்பின் அந்த உருவத்தைக் கண்டாலே விலகிப்போகிறது. நாங்கள் 120 ரூபாய் செலவிட்டு ஓர் எலிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோம் என்பதே உண்மை. அடுத்த இரண்டு வாரம் வடையை வைத்ததும் நாங்கள், மறுநாள் காலையில் அதை எடுத்து எறிந்ததும் நாங்களே.

வெட்கத்தோடு கடைக்குத் திரும்பி, இம்முறை 850 ரூபாய்க் கூண்டை வாங்கினோம். அது ஐந்து இரவு வெறுமையாக இருந்தது. விலையை நினைத்து நெஞ்சு கொதித்தது. அப்போதுதான் எங்கள் வீட்டுப் பெரியவர் வாயைத் திறந்தார். அவர் மன்னார்குடிப் பக்கத்தில் வயலும் வரப்புமாக எழுபது ஆண்டு வாழ்ந்துவிட்டு இங்கே வந்தவர். “எலி புதுப் பண்டத்தை நம்பாது. கதவைக் கட்டித் திறந்து போடுங்கள். மூன்று நாள் தின்றுவிட்டுப் போகட்டும்” என்றார்.

அவர் பேச்சு அங்கிருந்து தஞ்சாவூர்க் கிட்டிக்குத் தாவிற்று. மூங்கிலைப் பிளந்து வில்லாக வளைத்து, கயிறு பூட்டி, இரையைத் தொட்டதும் எலியின் கழுத்தை இறுக்குமாறு செய்யும் பொறி அது. டெல்டா வயல்களில் நெல் கதிர் பிடிக்கும் பருவத்தில் வரப்பு நெடுக அதை நட்டுவைப்பார்கள். பொறிக்கு ஆகும் செலவு மூங்கில் துண்டின் விலைதான். ஆனால் எலி நடக்கும் தடம் எது, வளை எது, பழைய வளை எது என்று சேற்றைப் பார்த்தே சொல்லும் ஆள் வேண்டும். பிடித்த எலிக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. “கிட்டிக்கு விலை இல்லை. கிட்டி வைக்கிறவனுக்குத்தான் விலை” என்றார் பெரியவர். எங்கள் வீட்டில் அந்த ஆள் இல்லாமலிருந்ததுதான் குறை போலும்.

அவர் சொற்படி கூண்டைச் சுவரோரமாக நகர்த்தினோம். எலி வெட்டவெளியில் நடவாது, மீசை சுவரில் உரசத்தான் நடக்கும் என்பதும் அவர் சொன்னதே. மூன்று இரவு கருவாட்டுத் துண்டைத் தின்றுவிட்டுச் சென்றன. நான்காம் இரவு கதவைப் பூட்டினோம். விடியற்காலையில் உள்ளே இரண்டு எலிகள் இருந்தன.

மகன் கூண்டின் முன் குந்தி அமர்ந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அவனுக்குக் காய்ச்சல் கொடுத்தது இந்த எலிதானா?” என்று கேட்டான். எங்களிடம் விடை இல்லை. அண்ணாச்சியின் கேள்விக்கும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கொல்ல மனம் வரவில்லை. கூண்டைப் பழைய கோணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வடாலா ரோடு நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே உப்பளப் பக்கம் நடந்தோம். ஆளில்லாத வெளி என்று நாங்கள் எண்ணியிருந்த இடத்தில் வரிசையாகக் குடிசைகள். ஒரு வாசலில் ஒரு பெண்மணி அரிசி களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வெறுங்காலோடு இரண்டு குழந்தைகள். அந்த இடத்தில் கதவைத் திறக்க எங்களால் இயலவில்லை. வந்த வழியே திரும்பினோம்.

முடிவில் எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்பவரிடம் 100 ரூபாய் கொடுத்தோம். அவர் ஒரு வாளி நீரில் கூண்டை அமிழ்த்தினார். பிறகு வெறுங்கையால் எலிகளை எடுத்து வீசினார். எங்கள் மகனைக் காக்க வாங்கிய கூண்டு, அவர் கையை எதில் தோய்த்தது என்று எண்ணியபோது உணவு இறங்கவில்லை. அந்த 100 ரூபாயையும் பொறியின் விலையில் சேர்க்க வேண்டும். அதோடு கணக்கு தீர்ந்ததா என்றும் தெரியவில்லை.

எலிக்கு அஞ்சுவது இந்நகருக்குப் புதிதன்று. 1896-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்டவிப் பகுதியில் மகாமாரி பரவியதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். வால்டெமர் ஹாஃப்கின் அதற்குத் தடுப்பூசி செய்து, 1897 ஜனவரியில் முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டார். 1898-இல் கராச்சியில் சிமோன்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயுற்ற எலி தொட முடியாதபடி நல்ல எலியைக் கம்பிவலைக்குள் வைத்தும், தெள்ளுப்பூச்சி தாவிச் சென்று நோயைக் கொடுத்ததை மெய்ப்பித்தார். எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு வேறு உடம்பைத் தேடும். செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மகாமாரிக்குப் பின் 1898-இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்டுதான், நெரிசலைக் குறைக்க எண்ணி, தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகன்ற சாலைகளையும் தோட்டங்களையும் வகுத்தது. நாம் மாலையில் உலவும் ஐந்து தோட்டங்களுக்கும் பின்னால் ஓர் எலி இருக்கிறது.

பசை அட்டையைப் பற்றியும் ஒரு சொல். விலை அற்பம், மாடிவீட்டார் ஒருமுறை வைத்தார்கள். அதில் ஒட்டிய சுண்டெலி விடியும்வரை கத்தியது; மறுநாள் ஒரு பல்லியும் ஒட்டிக்கொண்டது. இந்திய விலங்கு நல வாரியம் இவ்வட்டை வேண்டாமென்று மாநில அரசுகளுக்கு எழுதியிருக்கிறது. நாங்கள் எழுத்துக்குக் காத்திருக்கவில்லை. அந்தக் கத்தலே போதுமாயிருந்தது.

கனடா நாட்டுக் காடுகளில் தோலுக்காக விலங்கு பிடிப்போரிடையேயும், மலிவான பொறி பலவா, விலையுயர்ந்த பொறி சிலவா என்ற வாதம் உண்டு. அவர்களுள் ஒருவரான பிராங்க் கோனிபேர், விலங்கின் காலைக் கவ்வி நெடுநேரம் துடிக்கவிடும் பொறிகளோடு நெடுங்காலம் பழகியவர். மனம் பொறாமல், விரைவில் கொல்லும் பொறி ஒன்றை 1950-களில் அவரே உருவாக்கினார். அவர் செய்தியைப் படித்த மறுநாள் மூன்றாம் முறையாக அண்ணாச்சியின் கடைக்குப் போனோம். “கொல்லத்தான் போகிறோம், உடனே சாக வேண்டும், நாங்களே எடுத்துப் போட வேண்டும்” என்றோம். அவர் ஒன்றும் பேசாமல், தடித்த எஃகு வில் பூட்டிய அடிபொறி ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். 280 ரூபாய். கூடவே ஒரு சோடி ரப்பர்க் கையுறையும் எங்கள் கட்டடத்துத் துப்புரவாளருக்கு இன்னொரு சோடியும் வாங்கினோம்.

அதை ஒரு பக்கம் துளையிட்ட மரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறோம், பிள்ளையின் விரல் போகாதபடி. ஒரு மாதத்தில் நான்கு எலிகள். ஒன்றும் கத்தவில்லை. குளியலறைக் குழாய் ஓரத்தில் இருந்த வழியைக் கம்பிவலை வைத்துச் சிமெண்டால் அடைத்தோம். அரை அங்குல இடைவெளி இருந்தால் எலிக்குஞ்சு நுழைந்துவிடும் என்பதால், அந்த வேலைக்கு ஒரு ஞாயிறு முழுதும் ஆயிற்று. செலவு 90 ரூபாய்.

பெரிய கூண்டைப் பக்கத்து வீட்டார் இரவல் கேட்டார்கள். வெந்நீரும் பிளீச்சிங் பொடியும் விட்டுக் கழுவிக் கொடுத்தோம்; கதவை மூன்று இரவு கட்டித் திறந்து வைக்கவேண்டுமென்றும், பிடித்தபின் என்ன செய்வதென்று முன்பே யோசித்துக்கொள்ளவேண்டுமென்றும் சொல்லியே கொடுத்தோம். அவர்கள் பையன், காய்ச்சலுக்குப் பின் இன்னும் சற்று மெலிந்தே இருப்பவன், தானே அதைத் தூக்கிக்கொண்டு போனான். இன்று மூன்றாம் இரவு.