கிலோமீட்டர் கல்

நாற்பத்தாறாம் வயதில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் ஓடத் தொடங்கினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், இரவுப்பணி முடித்தவர்களின் பேருந்துகள் திரும்பும் விடியற்பொழுதில்.

முதலில் வாங்கியது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க் கடிகாரம். பெட்டியில் ஜிபிஎஸ் என்றிருந்தது. அதற்கு முன்னே நின்ற 'கனெக்டட்' என்ற சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. அடைமொழியைக் கவனியுங்கள் என்று இருபதாண்டுகளாக மாணவர்களை நச்சரிப்பவன் நான்! கைப்பேசி உடன் வந்தால் அதன் ஜிபிஎஸ்ஸை அது இரவல் வாங்கும். வராவிட்டால் கைவீச்சைக் கொண்டு அடிகளை எண்ணித் தூரத்தை ஊகிக்கும். எனக்கோ கைப்பேசியை வீட்டில் விட்டுவிட்டு ஓடுவதுதான் சுகமே.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அசையவில்லை. ஐயம் வந்து, நெடுஞ்சாலையோரம் அடுத்தடுத்த இரு கிலோமீட்டர் கற்களுக்கிடையே ஓடிப் பார்த்தேன். 1.3 என்றது. ஐந்து என்று வீட்டில் நான் பெருமையடித்தது நாலுக்கும் குறைவு. அந்த ஐந்தை நம்பித் தின்ற கூடுதல் இட்லிகளுக்குக் கணக்கில்லை. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டை மொட்டைமாடியில் நின்று பார்க்கிற ஊர்க்காரன், வானத்துக்குச் செவிசாய்க்காத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இப்போது கையிலிருப்பது 2021இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 55, ஒரு நண்பர் கழித்துவிட்டது. செயற்கைக்கோள் குறிப்பைத் தானே வாங்கும். தொடுதிரை இல்லை, ஐந்து பொத்தான்கள். வியர்த்த விரலுக்கு அதுவே தோது. காற்றழுத்த உயரமானி கிடையாது. மேடே இல்லாத எங்கள் ஊரில் அது எதற்கு? அதே கற்களுக்கிடையே 1.01 காட்டியது.

"இன்று எவ்வளவு?" என்றாள் மனைவி.

"மூன்றரை" என்றேன். இட்லித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.