அக்காவின் மடிக்கணினி

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

விலையில்லா மடிக்கணினியை அறியாதார் நம் கல்லூரியில் எவரும் இரார். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அத்திட்டத்தின் முதற் சுற்றிலேயே என் அக்காவுக்கு ஒன்று கிடைத்தது. அவர் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கடைக்குட்டியான நான் ஒன்றாம் வகுப்பு. அன்னவாசலில் எங்கள் தெருவுக்கு வந்த முதற் கணினி அதுதான். அதில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பின்னது நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆயினும் அதைத் திறந்து பார்த்தவர் எங்கள் தெருவில் ஒருவருமில்லை!

அக்கா கல்லூரியில் சேர்ந்தபோது, வேகம் போதவில்லை என்று 2 ஜி.பி. நினைவகத் துண்டு ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டார். 2017-இல் அவருக்குத் திருமணம். அந்தப் படங்களெல்லாம் அந்தக் கணினியில்தான் கிடந்தன. 2019-இல் அப்பா காலமானார். அவர் வேட்டி சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் எங்களிடம் வேறெங்கும் இல்லை.

சென்ற ஆண்டு விண்டோஸ் திறக்க மறுத்தது. புதுக்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்தேன். புதிய இயங்குதளம் போட முயன்றார்கள். நிறுவல் பாதியில் நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்து, "மதர்போர்டு போயிருச்சு தம்பி, எடைக்குப் போட்டுருங்க" என்று கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றே: "அப்பா படம் இருக்காடா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

நம் கல்லூரிக் கணினி அறிவியல் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வரலாற்று மாணவனுக்கு இங்கென்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. "எத்தனை விழுக்காட்டில் நின்றது?" என்றுதான் கேட்டார். கடையில் 62 என்றார்கள். நான் வீட்டில் முயன்றபோது ஒருமுறை 41, மறுமுறை 78. அவர் முகம் மலர்ந்தது. "நல்ல செய்தி! ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவையோ வன்தட்டையோ முதலில் ஐயுற வேண்டும். இடம் மாறி மாறி நின்றால் நினைவகத்தைப் பார்."

அதன் காரணத்தையும் விளக்கினார். நிறுவும்போது சுருக்கி வைத்த ஆயிரக்கணக்கான கோப்புகள் நினைவகத்தில் விரிக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, பிறகுதான் வன்தட்டில் எழுதப்படுகின்றன. 2 ஜி.பி. துண்டில் ஏறத்தாழ 1,718 கோடி பிட்டுகள். அவற்றுள் ஒன்று 1-ஐ 0 என்று திருப்பிச் சொன்னாலும் அந்தக் கோப்பு கெட்டுவிடும். கணக்கு ஒத்துவராமல் நிறுவல் நின்றுவிடும். எந்தக் கோப்பு அந்தப் பழுதான இடத்தில் போய் அமரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பேருந்தில் உடைந்த இருக்கையில் இன்று நான், நாளை நீங்கள்!

ஆனாலும் ஐயத்தை ஒவ்வொன்றாகத் தீர்த்தோம். டெபியன் 12 லினக்ஸைப் பதிவிறக்கினோம். (பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.) கோப்பு முழுமையாக வந்ததா என்றறிய 64 எழுத்துகள் கொண்ட சரிபார்ப்புக் குறி ஒன்று உண்டு. நண்பன் ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க, நான் திரையில் விரல் வைத்துப் பார்த்தேன், 64-உம் ஒத்திருந்தன. அடுத்து மெம்டெஸ்ட் என்னும் சோதனை நிரல். அது நினைவகம் முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். கால் மணி நேரத்தில் திரையில் சிவப்பு வரிகள்! பின்மூடியைக் கழற்றி, துண்டுகளின் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்தோம். மீண்டும் சிவப்பு. பிறகு ஒரு துண்டை மட்டும் வைத்துச் சோதித்தோம். அடுத்து மற்றதை மட்டும். பழைய துண்டு இரவு முழுவதும் ஓடியும் ஒரு பிழை இல்லை. பின்னால் வாங்கிப் போட்டதுதான் குற்றவாளி. மதர்போர்டு பாவம், வீண்பழி சுமந்திருந்தது.

உடனே நிறுவிவிடலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. பேராசிரியர் தடுத்தார். "படம் முதலில்." டெபியனை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு, அப்படித் திறந்தோம். கடைக்காரர் முதற் பகுதியைத்தான் அழித்திருந்தார். இரண்டாம் பகுதியில் 'கல்யாணம்' என்ற கோப்புறை அப்படியே இருந்தது. அதை வேறொரு பென் டிரைவில் நகலெடுத்தோம். பழுதான துண்டோடு நகலெடுத்திருந்தால் படங்கள் சத்தமில்லாமல் சிதைந்திருக்கக்கூடும் என்று அவர் சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது. மூன்றுமுறை நின்றுபோன அந்த நிறுவலை அதுவரை சபித்துக்கொண்டிருந்தவன் நான்!

பிறகு நிறுவியது பெரிய காரியமில்லை. முக்கால் மணி நேரம். 2 ஜி.பி. மட்டும் இருப்பதால் எல்.எக்ஸ்.க்யூ.டி. என்னும் எளிய திரைமுகப்பைப் போட்டோம். உலாவியில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் திறந்தால் திணறுகிறது. பருவக் கட்டுரை எழுத அது போதும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்யும் செலவு மிச்சம். அம்மா அப்பாவின் படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். அக்காவுக்கும் அனுப்பிவிட்டேன்.

பழுதான நினைவகத் துண்டு இப்போது கணினி ஆய்வகத்தில் பேராசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சிவப்பு வரிகள் எப்படி வரும் என்று காண விரும்பும் நண்பர்கள் கேட்டால் தருவார். பார்த்து முடித்ததும் மறவாமல் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். தப்பித்தவறி வேறெந்தக் கணினியிலும் அது இருந்துவிடக் கூடாது.