பீப் ஒலியும் ஒரு திருத்தமும்

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்குச் சத்தம் புதிதல்ல. டெலிபிரிண்டர் இயந்திரத்தின் ஓயாத படபடப்புக்கு அருகில் அமர்ந்து செய்தி எழுதியவன் நான். முக்கிய செய்தி வருமானால் அந்த இயந்திரத்தின் மணி ஒலிக்கும். எழுதுவதைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுவோம். மணி ஒலித்தால் அதற்குக் காரணம் உண்டு என்பது அன்று காதுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அந்தப் பாடத்தை நான் மறந்துபோனதை, அண்மையில் என் மேசைக்கு வந்த புதிய கணினி நினைவூட்டியது.

பழைய கணினி இறந்த கதையை முதலில் சொல்லவேண்டும். அதன் உள்ளிருந்த விசிறியில் தூசி அடைத்து, ஒருநாள் அது சுழலாமலே நின்றுவிட்டது. எனக்குத் தெரியாது. கணினி சூடேறித் திடீர் திடீரென அணைந்தது. நானும் மீண்டும் மீண்டும் இயக்கினேன். கடைசியில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் சில பழுதாகி, ஒரு நீண்ட கட்டுரையின் முக்கால் பங்கு தொலைந்தது.

எதிர்வீட்டுப் பிள்ளை ஒருவர் கணினி பூட்டிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். படித்துக்கொண்டே அயலவர்களுக்கு இவ்வாறான வேலைகள் செய்து கைச்செலவைப் பார்த்துக்கொள்பவர். அவரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்தேன். ஒன்று, நான் இரவில் எழுதுபவன். பக்கத்து அறையில் மனைவி உறங்குவார். ஆகவே கணினி சத்தம் போடக்கூடாது. மற்றையது, பழையதற்கு நேர்ந்த கதி இதற்கு நேரக்கூடாது. பம்பலப்பிட்டிக்குச் சென்று பாகங்களை வாங்கி வந்து ஒரே நாளில் பூட்டித் தந்தார்.

மூன்றாம் நாள் இரவு முதற்தடவையாக அந்த ஒலி கேட்டது. "பீப், பீப்" என்று இரண்டு மூன்று தடவைகள். பின்னர் அமைதி. அரைமணி நேரம் கழித்து மீண்டும் அதே ஒலி. மறுநாள் பகல் முழுவதும் ஒன்றுமில்லை. நள்ளிரவில் திரும்பவும் தொடங்கியது.

முதலில் யூ.பி.எஸ். கருவியைச் சந்தேகித்தேன். மின்சாரம் தடைப்பட்டால் கூச்சலிடுவது அதன் வழக்கம். அதனைக் கழற்றிக் கணினியை நேரடியாகச் சுவரில் இணைத்தேன். ஒலி நிற்கவில்லை. விசைப்பலகை மீது ஏதேனும் புத்தகம் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கைத்தொலைபேசியை அணைத்தேன். பயனில்லை. கடைசியில் பெட்டியோடு காதை வைத்துக் கேட்டபோதுதான் ஒலி உள்ளிருந்தே வருகிறது என்பது உறுதியாயிற்று.

கணினி உயிர்பெறும் வேளையில் எழுப்பும் ஒலிகளுக்குப் பொருள் உண்டு என்பதை அறிவேன். ஒரு குறுகிய ஒலி என்றால் பொதுவாக எல்லாம் நலம். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வந்தால், பல கணினிகளில் திரையோடு தொடர்புடைய பாகத்தில் கோளாறு. ஆனால் அவையெல்லாம் தொடக்கத்தில் வருபவை. எனது கணினியோ நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒலித்தது.

சூடேறுகிறது என்றே முடிவு செய்தேன். பழைய கணினியின் கதை மனதில் இருந்தது. பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதற்கு நேரே வைத்தேன். அன்றிரவு ஒலி குறைவதற்குப் பதிலாக இரு மடங்காகியது!

அந்த எரிச்சலில்தான் தவறு செய்தேன். தொலைபேசியை எடுத்து, "தம்பி, பழைய பாகம் எதையேனும் போட்டுவிட்டீரா?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "வந்து பார்க்கிறன் அங்கிள்" என்று மட்டும் சொன்னார். அத்தோடு நான் நிற்கவில்லை. மாலை நடையின்போது சந்தித்த அயலவர் மூவரிடமும் இதே சந்தேகத்தைச் சொல்லி வைத்தேன்.

அவருக்குப் பரீட்சைக் காலம். வருவதற்கு நான்கு நாட்களாயின. அந்த இடைவெளியில் ஒரு நல்ல காரியம் செய்தேன். கொப்பி ஒன்றில் ஒலி கேட்ட நேரத்தையும், அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் குறித்து வைத்தேன்.

வந்தவர் கோபம் எதனையும் காட்டவில்லை. கொப்பியை வாங்கி வாசித்தார். பேரப்பிள்ளைகள் கணினியில் விளையாடிய நேரத்தில் ஒலியே இல்லை. நான் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்த வேளைகளிலும், விடியற்காலைக் குளிரிலுமே ஒலித்திருக்கிறது. மேசை விசிறி வைத்த இரவில் மிக அதிகம். வாசித்து முடித்ததும் சிரித்தார். "அங்கிள், இது சூட்டாலை வாற சத்தம் இல்லை. குளிராலை வாறது."

பின்னர் விளக்கினார். மத்திய செயலியின் மேலுள்ள விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மின்துடிப்புகளைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அவற்றை எண்ணித்தான் விசிறியின் வேகத்தைத் தாய்ப்பலகை அறிகிறது. துடிப்பு வராவிட்டால் விசிறி பழுதென்று எண்ணி ஒலியெழுப்பும்படி அதற்குக் கட்டளையிடலாம். என் பழைய கணினியின் முடிவை அறிந்திருந்த அவர், அந்த எச்சரிக்கையை எனக்காகவே செயற்படுத்தி வைத்திருந்தார். மறுபுறம், சத்தம் கூடாது என்று நான் கேட்டதற்காக, செயலியின் வெப்பம் 40 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் விசிறி முற்றாக நின்று ஓய்வெடுக்கும் அமைப்பையும் தெரிவு செய்திருந்தார். நான் யோசிக்க, கணினி ஓய்ந்தது. வெப்பம் இறங்க, விசிறி நின்றது. நின்ற விசிறியைக் கண்டு தாய்ப்பலகை அபயக்குரல் எழுப்பியது. வெப்பம் சிறிது ஏறியதும் விசிறி மீண்டும் சுழல, குரல் ஓய்ந்தது. நான் வைத்த மேசை விசிறி இந்தக் கூத்தை இன்னும் விரைவுபடுத்தியிருக்கிறது.

"அந்தச் சின்ன ஒலிப்பானைக் கழற்றி எறிந்தால் போதாதா?" என்று கேட்டேன்.

"கழற்றினால் சத்தம் நிக்கும் அங்கிள். நாளைக்கு விசிறி உண்மையாவே நிண்டால் ஆர் உங்களுக்குச் சொல்லுறது?"

பயோஸ் அமைப்புக்குள் சென்று, விசிறி எப்போதும் முற்றாக நில்லாமல் மெல்லிய வேகத்திலேனும் சுழலும்படி மாற்றினார். எச்சரிக்கையை அப்படியே விட்டுவிட்டார். ஐந்து நிமிட வேலை. இரவில் இப்போது மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறது. மனைவியின் உறக்கத்தை அது கெடுக்கவில்லை.

"நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது, தம்பி" என்றேன். "பரவாயில்லை அங்கிள்" என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். கூலி வாங்க மறுத்தவரின் கையில் வற்புறுத்தித் திணிக்கவேண்டியிருந்தது.

மற்றத் தரப்பைக் கேளாமல் ஒரு வரியும் எழுதாதே என்று இளம் நிருபர்களுக்கு ஆண்டுக்கணக்காகச் சொன்னவன் நான். இந்தப் பையனின் விடயத்தில் விசாரணைக்கு முன்பே தீர்ப்பை எழுதி, மூவரிடம் பிரசுரமும் செய்துவிட்டேன். செய்தி தவறென்றால் திருத்தம் போடுவது தொழில் மரபு. அன்று மாலையே மூவரின் வீடுகளுக்கும் நடந்து சென்று நடந்ததைச் சொன்னேன். இருவர் சிரித்தனர். மூன்றாமவர் சிரிக்கவில்லை. தன் மகளுக்குக் கணினி பூட்டும் வேலையை அந்தப் பையனிடம் கொடுக்க எண்ணியிருந்தாராம். என் பேச்சைக் கேட்டு, முதல்நாள்தான் வேறொருவருக்கு முற்பணம் கொடுத்துவிட்டாராம்.

பத்திரிகையில் போடும் திருத்தங்களும் பெரும்பாலும் இப்படித்தான் ஒருநாள் பிந்தி வரும்.