இருபதாவது பயணம்

ஒரு பிள்ளைக்கு ஒப்பரேஷன் என்றால் காசு சேர்க்க எங்கட ஊர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஜும்ஆ முடிந்ததும் பள்ளியில் துண்டு விரியும். கட்டாரில் இருக்கும் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் ரிப்போர்ட் போகும். சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எல்லா இடத்திலும் இதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். 2016இல் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் நாடு முழுக்கச் சேர்த்தபோது 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. முன்னின்று நடத்திய எம்.எஸ்.எச். முஹம்மத், தன் மகனுக்குப் புற்றுநோய் வந்த பிறகு இந்த வேலையில் இறங்கிய ஒரு வாப்பா. இன, மத வித்தியாசம் பார்க்காமல் சனம் கொடுத்தது.

ஒரே தடவையில் முடிகிற செலவென்றால் சரி. முடியாவிட்டால்?

பிள்ளைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் ஓடும். ஒழுங்காகச் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகிற நோய் அது. அதனால்தான் ஒரு தவணையையும் தவறவிடக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் காசில்லை, உண்மைதான். ஆனால் கல்முனையில் இருந்து மஹரகம 300 கிலோமீட்டருக்கு மேல். இரவு பஸ் ஏறினால் விடியத்தான் இறங்கலாம். கீமோ ஏற்றி நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையைச் சனம் நெரியும் பஸ்ஸில் ஏற்ற ஏலாது, வேன் பிடிக்க வேணும். வாப்பா கடலுக்குப் போகாத நாளுக்குக் கூலி யார் தருவது? இருபதாவது பயணத்துக்கு யாரும் துண்டு விரிப்பதில்லை.

அந்த நேரம் தாங்குவது வளவுதான். எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் உம்மாவின் சகோதரிமார் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பார்கள். உம்மா வாட்டில் நிற்கும் மாதங்களில் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறாக்குவது சாச்சி, ஸ்கூலுக்கு வெளிக்கிடுத்துவது உம்மம்மா. இந்தக் கணக்கு எந்த ரசீதிலும் வராது. சாச்சிக்கும் சொந்தப் பிள்ளைகள் இருக்கு, அவவும் களைப்பா.

இதில் எங்களுக்குக் கோபம் வருகிற ஒரு விஷயமும் இருக்கு. வீட்டில் குமர் இருந்தால் நோயின் பெயரையே மறைக்கிறார்கள். "பரம்பரை நோயாம்" என்று ஊரில் கதை பரவினால் ராத்தாவின் கலியாணம் நின்றுவிடும் என்ற பயம். இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, தொற்றுவதும் இல்லை. ஆனால் கதைக்கிற வாய்க்கு அது தேவையா? நோயை மறைத்தால் உதவியும் கேட்க ஏலாது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் இதைக் கேள்வியாகக் கேட்கிறவர்களும் எங்கட ஆட்கள்தான்.

நாங்கள் கலைப்பீடக்காரர், மருந்து தெரியாது. ஆனால் ஒலுவில் வளாகத்தில் சிங்களமும் தமிழும் ஒரே கன்டீனில் கேட்கும். இரண்டும் தெரிந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். வாட்டில் நேர்ஸ் சொன்னது விளங்காமல் நிற்கும் ஓர் உம்மாவுக்குப் போனில் மொழிபெயர்த்துச் சொல்லப் பத்து நிமிஷம் போதும். ஓ/எல் எழுதப்போகும் ராத்தாவுக்குப் பின்னேரத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கு. பஸ் ஏறும் குடும்பத்திடம் "காசு காணுமா?" என்று கேட்பதோடு, "எப்ப திரும்பி வருவீங்க, அதுவரைக்கும் வீட்டில் கடைக்குப் போறது யார்?" என்றும் கேட்டுப் பார்க்கலாம்.