கீழ்த்தளத்தில் ஒரு பிறந்தநாள்

என் மகளுக்குப் பிறந்தநாள் மூன்று. பிறப்புச் சான்றிதழில் உள்ள ஜூன் மாதத் தேதி ஒன்று. நட்சத்திரப்படி என் அம்மா தஞ்சாவூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அறிவிக்கும் தேதி இன்னொன்று. மூன்றாவது, என் மனைவிக்கு வேலை இல்லாத தேதி. அவர் தாதி. பணி அட்டவணை வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் நாள் குறிக்க முடியும்.

நட்சத்திரப் பிறந்தநாள் சுலபம். காலையில் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை, தேக்காவில் ஒரு தோசை, அவ்வளவுதான். நண்பர்களை அழைக்கும் விருந்துதான் சிக்கல். ஜூன் பள்ளி விடுமுறை நான்கு வாரம். அப்போது வகுப்பில் பாதிப் பேர் திருச்சியிலோ பினாங்கிலோ இருப்பார்கள். ஆகவே இவ்வாண்டு விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை என்று முடிவு செய்தோம். ஞாயிறு வேண்டாம் என்பதில் மனைவி உறுதியாக இருந்தார். அன்று எங்கள் இல்லப் பணிப்பெண்ணின் ஓய்வு நாள். மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டாமல் விட வேண்டும் என்று 2023 முதல் விதியே இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் கேட்க மனம் வராது. பிலிப்பீன்சில் இருக்கும் அவருடைய மகனுக்கும் ஏழு வயது. அவன் கேக் வெட்டுவதை அவர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்.

இடம்? தொடக்கநிலை ஒன்றில் வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் வரை. கடைத்தொகுதிகளில் உள்ள விளையாட்டுக்கூடங்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. ஆறு பேரை அழைத்தால் கட்டுப்படியாகும், இருபது பேரை அழைத்தால் பர்ஸ் அழும். ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தால் மீதிப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை தெரிந்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தை நகர மன்றத்திடம் பதிவு செய்தேன். கட்டணம் குறைவு. காற்று இலவசம். மழை வந்தாலும் கவலையில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். இரண்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

அழைப்பில் “பரிசு வேண்டாம், படித்து முடித்த கதைப்புத்தகம் ஒன்று கொண்டு வந்தால் போதும், மாற்றிக்கொள்ளலாம்” என்று எழுதினோம். பரிசு வாங்க யோசித்துப் பிள்ளையை அனுப்பாமலே விடும் வீடுகள் எல்லா வகுப்பிலும் உண்டு. மகள்தான் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “அப்ப நான் எதைப் பிரிக்கிறது?” நியாயமான கேள்விதான். தாத்தா பாட்டி பரிசுகளை அன்றைக்கே பிரிக்கலாம் என்று சமாதானம் செய்தோம்.

சாப்பாடு விஷயத்தில் இந்த ஊரில் ஒரே வழி: ஹலால் சான்றிதழ் உள்ள கடையிலிருந்து கறி பஃப், சைவக் கடையிலிருந்து மீகூன், முட்டையில்லாத கேக். கடலை ஒவ்வாமை யாருக்கு என்று அழைப்பிலேயே கேட்டுவிட வேண்டும். மார்ஷ்மெல்லோவில் என்ன ஜெலட்டின் என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கப் பொறுமையில்லாதவர்கள் அகர் அகர் செய்துவிடலாம், அது கடற்பாசி. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகும் ‘குடி பேக்’ பற்றிப் போனில் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவே இல்லை. “ஏழு வயசுப் பிள்ளைங்களுக்கு என்னடா குடி?” என்றார்.

எல்லாம் தயார். புதன்கிழமை இரவு வேலை முடிந்து வந்தால் எங்கள் கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் மாடிச் சீனத் தாத்தா இறந்துவிட்டார். என் மகள் அவரை ‘ஆ கோங்’ என்றுதான் கூப்பிடுவாள். மின்தூக்கியில் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். ஐந்து நாள் வைத்திருப்பார்கள். ஞாயிறுதான் இறுதிச் சடங்கு.

சிங்கப்பூர்க் கீழ்த்தளம் அப்படித்தான். ஒரு வாரம் மலாய்த் திருமணம், மறுவாரம் சீனர் துக்கம், நடுவில் சதுரங்கம் ஆடும் முதியவர்கள். துக்கத்துக்கு வழி விடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நகர மன்றத்தை அழைத்தேன், அடுத்த புளோக்கின் கீழ்த்தளம் சனிக்கிழமை பிற்பகல் காலியாக இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு நடைபாதைதான். இங்கே ஊதுபத்தி, அங்கே பலூனா? தள்ளிப்போடலாம் என்றால் மனைவிக்கு அடுத்த சனிக்கிழமை இரவுப் பணி, அதன் பிறகு விடுமுறை. அம்மாவோ, “சாவு வீட்டுக்குப் பக்கத்துல மெழுகுவத்தி ஊதப் போறீங்களா? தீட்டுடா” என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை மகளையும் அழைத்துக்கொண்டு துக்கம் கேட்கப் போனேன். அவளுக்கு வெளிர்நீலச் சட்டை போட்டுவிட்டேன், சிவப்பு கூடாது. வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுத்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், வட்ட மேசைகள், தட்டு நிறைய நிலக்கடலை, பாக்கெட் பானங்கள். மகள் என் காதில் கேட்டாள்: “ஆ கோங்குக்கும் பார்ட்டியா?” இல்லை என்றேன். பிறகு, அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்றேன். “எல்லாரையும் கூப்பிட்டாங்களா, ஆறு பேரை மட்டுமா?” என்றாள்.

பெரியவரின் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒலிபெருக்கி வைக்க மாட்டோம், சங்கடமாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம் என்றேன். “நடத்துங்க லா, பிள்ளைங்க சத்தம்தானே” என்றார். கிளம்பும்போது என் மகள் கையில் சிவப்பு நூல் ஒன்றையும் மிட்டாயையும் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் இருவரும் குளித்தோம், அம்மாவின் மனநிம்மதிக்காக.

சனிக்கிழமை இருபத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். பாட்டுப் பெட்டி இல்லாததால் வாயாலேயே பாடினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு சுருதி. புத்தக மாற்றலில் டைனோசர் புத்தகத்துக்காக மட்டும் ஒரு சிறு கைகலப்பு. சைவ மீகூன் கூடுதலாக இருந்ததால் ஒரு தட்டை மனைவி அந்தப் பக்கம் கொடுத்தனுப்பினார்.

நான்கு மணி வெயிலில் எங்களிடம் பானம் தீர்ந்துபோனது. கடைக்கு ஓட நான் எழுந்தபோது நடைபாதையில் பெரியவரின் மகன், கறுப்புச் சட்டையும் தூக்கம் கெட்ட கண்களுமாக, கிரிஸாந்திமம் டீ பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மீகூன் தட்டும் கழுவி மேலே இருந்தது. பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் பெட்டியைக் காலி செய்துவிட்டார்கள். துக்க வீட்டிலிருந்து வந்த பானம் என்பதை அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.