நாவும் நடுநிலையும்

மது அருந்தும் வழக்கமில்லாத பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் விஸ்கியைப் பற்றி எழுதப் புகுவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும், அமெரிக்கரின் போர்பன், ரை ஆகிய இருவகை விஸ்கிகளைத் தரம் காணும் முறையைப் படித்தறிந்தபோது, விடைத்தாள் திருத்தியே நரைத்துப்போன எனக்கு அஃது அயலாகத் தோன்றவில்லை.

அந்நாட்டுச் சட்டப்படி, போர்பனில் மக்காச்சோளமும், ரை விஸ்கியில் கோதுமைக்கு உறவான ரை தானியமும் 51 விழுக்காட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். உட்புறம் தீயிற் கருக்கிய புதிய ஓக் மரக் கலன்களிலேயே இரண்டும் முதிர்கின்றன. கருகிய மரம் வனிலா மணத்தை ஈகின்றது. மக்காச்சோளம் இனிமையையும், ரை மிளகையொத்த காரத்தையும் தருகின்றன.

முறையாகத் தரம் காண்போர் புட்டியின் பெயர்ச்சீட்டை மறைத்துவிடுகின்றனர். சிறிதளவே வார்த்து, நிறம், மணம், சுவை, நாவில் எஞ்சி நிற்கும் உணர்வு என ஒவ்வொன்றாய் ஆராய்கின்றனர். சில துளி நீர் கலந்து மீண்டும் முகர்கின்றனர். பலவற்றை அடுத்தடுத்துச் சுவைப்போர் வாயிலிட்டதை உமிழ்ந்துவிடுவதும் உண்டு. விழுங்கினால் நாவோடு நடுநிலையும் தளர்ந்துவிடும் அன்றோ!

போர்பனின் இனிமையை ரையில் தேடுபவன் ரையைக் குறைகூறுவான். ரையின் காரத்தைப் போர்பனில் தேடுபவன் போர்பனைச் சப்பென்பான். ஒவ்வொன்றையும் அதனதன் இயல்பில் வைத்து அளப்பதே நீதி.

அரசுத் தேர்வில் மாணவன் பெயரை மறைத்து எண்ணைப் பொறிக்கின்றோம். வகுப்பறையிலோ, இன்னார் மகன், இன்னாருக்குத் தம்பி என்னும் பெயர்ச்சீட்டுகள் நம் கண்முன்னேயே நிற்கின்றன. ஒரு கிண்ண மதுவுக்கு வாய்க்கும் நடுநிலை, ஒரு குழந்தைக்கு வாய்க்க வேண்டாவா?